புல்லுக்கு வைத்த தீ

மைசூரு, குவெம்பு நகர்
9-4-2025

வத்ஸலாவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. மேல்கோட்டை வீட்டு எண்ணுக்குப் போட்டால் உன் அண்ணா எடுத்து, "தூங்கறா" என்கிறார். காலை பதினொரு மணிக்கு நீ என்றைக்கும் தூங்கியதில்லை. ஆகையால் எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம், அங்கே மற்றவர்களுக்குக் கன்னடம்தான் வாசிக்க வரும். சேலம் ஆபீசில் ஆறு வருஷம் இருந்தது இதற்காவது உதவட்டும்.

பதினோரு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்து கதவைத் திறந்தால் வீடு காலி. பிரிட்ஜின் மேல் "பால் இருக்கிறது" என்று ஒரு சீட்டு. முப்பத்திரண்டு வருஷத்துக்கு அவ்வளவுதானா என்று நான் கேட்கப்போவதில்லை.

காரியத்துக்கு வருகிறேன். உன்னிடம் வாக்குமூலம் வாங்கப் போலீஸார் மேல்கோட்டைக்கு வருவார்கள் என்று வக்கீல் பசவராஜ் சொன்னார். நீ குழம்பாமல் சொல்வதற்காக, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மார்ச் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, மதியம் இரண்டரை மணி. நம் வீட்டுக்கு அடுத்த காலி சைட்டில் இடுப்பளவு புல் காய்ந்து கிடந்தது. போன வருஷம் அதிலிருந்து பாம்பு வந்தது. சைட்டுக்காரர் பெங்களூரில் இருக்கிறார், சுத்தம் செய்வதில்லை. ஆகவே புல்லுக்குத் தீ வைக்கப்பட்டது. எதிர்பாராமல் காற்று வீசியதில் தீ பரவி, சைட்டின் ரோட்டோரத்தில் இஸ்திரி போடும் மாரக்காளின் கொட்டகையைப் பற்றிக்கொண்டது. அப்போது கொட்டகை பூட்டியிருந்தது. துணி கொடுக்கப் போயிருந்த மாரக்காள் ஓடிவந்து பூட்டைத் திறந்து உள்ளே புகுந்ததால் அவளுக்குக் கைகளில் காயம் ஏற்பட்டது. நீ அந்த நேரத்தில் படுத்திருந்தாய்.

இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்று நீ கேட்கலாம். தீயை அஜாக்கிரதையாகக் கையாண்டது என்று தீர்ந்தால் அதிகபட்சம் ஆறு மாதம், பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். கொட்டகை எரிய வேண்டும் என்று எண்ணியோ, எரியக்கூடும் என்று தெரிந்தோ வைத்தது என்றால் பத்து வருஷம், ஆயுள் வரைக்கும்கூடப் போகலாம். தீ ஒன்றுதான், புல் ஒன்றுதான், காயமும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்கக் குச்சியைக் கிழித்தவன் மனசுக்குள். "மனசுக்குள்ள யார் சார் போய்ப் பார்க்கறது? வெளியில எதுவும் தெரியாம இருந்தா போதும்" என்கிறார் பசவராஜ். வேதாந்தும் அமெரிக்காவிலிருந்து போன் செய்து, "ஆக்ஸிடெண்ட்னு மட்டும் சொல்லுங்கோப்பா, வேற ஒண்ணும் பேசாதீங்கோ" என்றான்.

சீக்கிரம் வந்துவிடு. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் என்னைப் பார்த்தால் பாதியில் உள்ளே போய்விடுகிறார்கள்.

கேசவமூர்த்தி


மேல்கோட்டை
16-4-2025

நமஸ்காரம்.

வைரமுடி உற்சவக் கூட்டமெல்லாம் போய் ஊர் காலியாகிவிட்டது. உங்கள் கடிதத்தைக் கல்யாணிக் குளத்துப் படியில் உட்கார்ந்து படித்தேன்.

அதில் புல்லுக்குத் தீ "வைக்கப்பட்டது". காற்று வீசுகிறது, தீ பரவுகிறது, கொட்டகை பற்றிக்கொள்கிறது, காயம் ஏற்படுகிறது. இவ்வளவும் நடக்கும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு வரியிலும் இல்லை.

போனை எடுக்காததற்குக் கோபம் காரணமில்லை. உங்கள் குரலைக் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவேன். இத்தனை வருஷமாக எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் ஜெயிலில் இருந்தபோது நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்களிடம் சொல்லவில்லை. தீக்காய வார்டில் மாரக்காளைக் கொசுவலைக்குள் படுக்கவைத்திருந்தார்கள். அவள் புருஷன் அய்யாவு கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் தள்ளி, "உக்காருங்கம்மா" என்றான். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டனவாம். ஆபரேஷன் செய்து பிரித்தாலும் இஸ்திரிப் பெட்டி பிடிக்க வராது என்று நர்ஸ் சொன்னாள்.

ஏன் உள்ளே போனாய் என்று கேட்டேன். "ஊரார் துணியாச்சுங்களே அம்மிணி. நாளைக்கு வந்து கேட்டா என்னன்னு சொல்றது?" என்றாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

உங்களை ஒன்று கேட்கிறேன். நம் கார் எப்போதும் அவள் கொட்டகையை ஒட்டி, புங்க மரத்து நிழலில்தான் நிற்கும். அன்றைக்குச் சாப்பிட்டுக் கை அலம்பினதும் நீங்கள் போய்க் காரை எடுத்து, வீட்டுக்கு அந்தப் பக்கம் முனையில், வெட்ட வெயிலில் நிறுத்தினீர்கள். திரும்பி வந்துதான் தீப்பெட்டி கேட்டீர்கள். நான்தான் அடுப்பு மேடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

காரை ஏன் எடுத்தீர்கள்?

வத்ஸலா


மைசூரு
23-4-2025

வத்ஸலாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். இதையெல்லாம் காகிதத்தில் எழுதலாமா? உடனே பசவராஜிடம் ஓடினேன். புருஷனும் மனைவியும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டதை, எழுதிக்கொண்டதை வெளியே சொல்லும்படி கோர்ட்டு கட்டாயப்படுத்த முடியாதாம். ஆனால் கண்ணால் பார்த்ததைக் கேட்கலாமாம். அதனால் நீ எதையும் பார்க்கவில்லை என்பதை மறக்காதே.

காரை எடுத்தது பறவை எச்சத்துக்காக. அந்த மரத்தில் காக்கை கூடு கட்டியிருக்கிறது. இதற்குமேல் அதில் ஒன்றும் கிடையாது.

என்னைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் நீ கொஞ்சம் யோசித்துப் பார். தினமும் காலையில் காப்பி டம்ளரை என் முன்னால் வைக்கும்போதே, "அந்தக் கொட்டாய் என்னிக்குத்தான் போகும்?" என்று ஆரம்பித்தது யார்? மொட்டைமாடியில் உலர்த்திய மடித்துணியில் கரி படிகிறது, பெருமாளுக்குத் தளிகை பண்ணும் சமையல்கட்டில் நிலக்கரிப் புகை வருகிறது என்று ஐந்து வருஷம் யார் சொன்னது? நான் கார்ப்பரேஷனுக்கு மூன்று மனு கொடுத்தது யாருக்காக? அவள் நாலு பேர் எதிரில் என்னை அவமானப்படுத்திய நாளன்று நீ வீட்டுக்குள் என்னிடம், "இதைக்கூட உங்களால சரி பண்ண முடியலையே" என்றாய். அது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

நேற்று அய்யாவு வந்தான். சாட்சிகளோடு பேசக்கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை, அதனால் கதவைத் திறக்கவில்லை. அவன் சற்று நேரம் நின்றுவிட்டு ஒரு மூட்டையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனான். அவள் உள்ளேயிருந்து இழுத்துப் போட்ட துணிகளில் நம்முடையதும் இருந்திருக்கிறது. என் சட்டைகள் நாலு, உன் சுங்குடிப் புடவை ஒன்று. ஒன்றிலும் ஓட்டை விழவில்லை. துவைத்து, மடித்து, எங்கோ வேறு இடத்தில் இஸ்திரிகூடப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான்.

சட்டையை மாட்டிப் பார்த்தேன். கழற்றிவிட்டேன்.

கேசவமூர்த்தி


மேல்கோட்டை
2-5-2025

நமஸ்காரம்.

நீங்கள் எழுதியதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. சொன்னவள் நான்தான். மறுக்கவில்லை.

திங்கட்கிழமை ஒரு சப் இன்ஸ்பெக்டரும் ஒரு பெண் போலீஸும் வந்தார்கள். அண்ணா கூடத்தில் நாற்காலி போட்டு, அவர்களுக்கு மோர் கொடுத்தார். "அந்த டைம்ல நீங்க எங்க இருந்தீங்க அம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "படுத்துண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்" என்றேன். எழுதிக்கொண்டார்கள். எனக்கு இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் எனக்குத் தெரியாது. போகும்போது அந்தப் பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பெரியவர்கள் என்று. நான் காலை இழுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நான் படுத்திருக்கவில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். ஆனால் என்ன பார்த்தேன் என்பதை உங்களிடமும் நான் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சமையல்கட்டு ஜன்னல் வழியாக சைட்டு முழுக்கத் தெரியும். நீங்கள் முதலில் கொட்டகைப் பக்கம் போனீர்கள். கதவருகே குனிந்தீர்கள். பிறகு சைட்டின் பின்மூலைக்கு வந்து நின்று, அண்ணாந்து நம் மொட்டைமாடியைப் பார்த்தீர்கள். அப்புறம் உட்கார்ந்து குச்சியைக் கிழித்தீர்கள். புல் பற்றியதும் எழுந்து பின்னால் நகர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். நெருப்பு ரோட்டுப் பக்கமாக ஓடியது. கொட்டகைக்கு இன்னும் பத்தடி இருந்தது. கத்தியிருந்தால் உங்களுக்குக் கேட்டிருக்கும். எதிர் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், ஓடிவந்திருப்பார்கள்.

நான் ஜன்னலைச் சாத்தினேன். புகை உள்ளே வரும் என்று சாத்தினதாகத்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். சாத்தின பிறகு குழாயைத் திறந்துவிட்டு, தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதான் திறந்தேன்.

அதனால்தான் வீட்டை விட்டு வந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் என் முகம் தெரியும்.

இங்கே மலை மேல் நரசிம்மர் கோயிலுக்கு ஒரு நாள்கூட ஏறவில்லை. கால் வலி என்று அண்ணாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நாம் எழுதிக்கொள்வதைக் கோர்ட்டு கேட்காது என்றால், பயப்பட என்ன இருக்கிறது? எனக்காவது உண்மையை எழுதுங்கள். காக்கை வேண்டாம்.

வத்ஸலா


மைசூரு
14-5-2025

வத்ஸலா,

எரிந்துவிடும் என்று காரை எடுத்தேன்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். நாலு நாள் கழித்து இப்போது மேற்கொண்டு எழுதுகிறேன்.

முப்பத்து நாலு வருஷம் இன்ஷூரன்ஸில் நான் செய்த வேலை உனக்குத் தெரியும். எங்கே தீப்பிடித்து க்ளெய்ம் வந்தாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். சாம்பலில் நின்று இது தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று நான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எரிந்ததைப் பார்ப்பார்கள். நான் எரியாததைத் தேடுவேன். தீக்கு முன்னால் எதை நகர்த்தியிருக்கிறார்கள்? நஞ்சன்கூட்டில் ஒரு பஞ்சு குடோன். எல்லாம் கரி. வாசலில் நாய்ச் சங்கிலி மட்டும் கிடந்தது, நாய் இல்லை. விசாரித்தேன். குடோன் நாயை அன்று காலையில்தான் முதலாளி தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டியிருந்தார். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எரியணும்னு நினைக்கலை சார். பீடியை எறிஞ்சேன். எரிஞ்சா எரியட்டும்னு இருந்துட்டேன்." எரியட்டும் என்று நினைத்ததற்கும் எரிய வேண்டும் என்று நினைத்ததற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அவரிடம் கேட்டேன். ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் நாயை நகர்த்தினார். நான் காரை நகர்த்தினேன்.

கொட்டகைக் கதவருகே குனிந்தது பூட்டைப் பார்க்க. ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். இத்தனை நாளும் இதை எனக்குச் சாதகமாகவே வைத்திருந்தேன். ஆள் இல்லாதபோதுதானே வைத்தேன், அவள் உள்ளே புகுவாள் என்று யார் கண்டது என்று. ஜெயிலில் ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது திடீரென்று உறைத்தது. புல்லை மட்டும் எரிக்கிறவன் எதற்காகப் பூட்டைப் போய்ப் பார்க்கிறான்?

மொட்டைமாடியைப் பார்த்தது என் வேஷ்டி எந்தப் பக்கம் பறக்கிறது என்று தெரிந்துகொள்ள. ரோட்டுப் பக்கம் பறந்தது. காற்று எதிர்பாராமல் வீசவில்லை. காற்றைப் பார்த்துத்தான் மூலையைத் தேர்ந்தெடுத்தேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்கூட வைத்துக்கொள்ளவில்லை. புல்லைத்தான் எரிக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். சொன்னது யாருக்காக என்று இப்போது யோசிக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் சத்தியம் செய்யலாம் என்பதற்காகத்தான் இருக்க வேண்டும்.

அவள் என்னை அவமானப்படுத்தினாள் என்று எழுதினேன் அல்லவா? அவள் சொன்னது இவ்வளவுதான்: "ரோடு எல்லாருக்கும் பொதுதானுங்களே அய்யா." மரியாதையாகத்தான் சொன்னாள். எதிர் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எட்டு மாதம் என் வயிற்றில் கிடந்தது.

கொட்டகையின் தார்ப்பாய்க் கூரை சுருண்டு விழுந்தபோது எனக்கு வந்தது பயமில்லை. சந்தோஷம், வத்ஸலா. ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துத்தான் இப்போது கண்ணாடி பார்த்துச் சவரம் செய்ய முடியவில்லை.

அதற்குள் அவள் ஓடிவந்தாள். என்னைப் பார்த்து, "அய்யா, தண்ணி! தண்ணி கொண்டாங்க அய்யா!" என்று கத்தினாள். அந்த இடத்தில் உதவிக்கு நான் இருக்கிறேன் என்று நம்பித்தான் பூட்டைத் திறந்தாள். நான் கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

உன் மேல் பழி போட்டு எழுதியதை அடித்துவிடு. தீப்பெட்டி கொடுத்தவளுக்குத் தெரியாது, வாங்கினவனுக்குத் தெரியும்.

கேசவமூர்த்தி


மேல்கோட்டை
27-5-2025

நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். நாலாம் நாள் அண்ணாவிடம் கொள்ளேகாலில் ஒரு கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மாரக்காள் இப்போது ஹனூருக்குப் பக்கத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். கொள்ளேகாலில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, மேட்டு நிலத்தில் ஒரு மைல் நடந்தேன்.

வாசலில் நின்றேன். கையில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குங்க அம்மிணி இவ்வளவு தூரம்?"

"ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

"என்னங்க சொல்லோணும்?"

"அவர் புல்லுக்கு மட்டும் வெக்கலை. கொட்டாய் எரியும்னு தெரிஞ்சுதான் வெச்சார். நான் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். பார்த்துட்டு ஜன்னலைச் சாத்திண்டேன்."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்துப் போயிருந்தேன். முற்றத்தில் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குத் தெரியுமுங்க."

"எப்படித் தெரியும்?"

"ஓடியாரப்பவே பாத்தனுங்க. மரத்தடியில காரைக் காணோம். எந்நேரமும் நிக்கற காரு. அப்பவே பட்டுனு தெரிஞ்சு போச்சு."

"போலீஸ்ல ஏன் சொல்லலை?"

"காரு நின்ன எடம் காலியா இருந்துச்சுன்னா எவன் எழுதுவான்? அந்தத் தெருவுலதானுங்க நாங்க பொழைக்கோணும். நீங்கெல்லாம் துணி போட்டாத்தான் எங்களுக்குச் சோறு."

பிறகு அவளே பேசினாள். "நான் உள்ள போவேன்னு உங்க வூட்டு அய்யாவுக்குத் தெரியாதுங்க. அது எனக்கும் வெளங்குது. பூட்டி இருக்கறப்ப வெச்சாரு, செரி. ஆனா தண்ணி கொண்டாங்கன்னு நான் கத்துனனே, அப்ப நின்னாருங்களே. அப்பவும் எரியட்டும்னுதானுங்களே இருந்தாரு? எம்பட கை போனதுகூட ஒரு பக்கம். ராவெல்லாம் எனக்கு அவரு நின்னதுதான் வருது."

ஆஸ்பத்திரியில் ஸ்டூல் தள்ளினார்களே, இங்கே யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. கிளம்பும்போது, "வெயில் ஏறுதுங்க, பஸ்ஸு போயிரும்" என்றாள்.

நாளை ஸ்டேஷனுக்குப் போகப்போகிறேன். முதலில் சொன்னது பொய் என்று சொல்லி, பார்த்ததை எழுதிக் கொடுப்பேன். கார், பூட்டு, ஜன்னல், நான் கொடுத்த தீப்பெட்டி. உங்கள் கடிதத்தைக் காட்ட மாட்டேன். அது எனக்கு எழுதியது. என்னையும் கேஸில் சேர்த்தால் சேர்க்கட்டும்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை.

வத்ஸலா


மத்திய சிறை, மைசூரு
24-11-2025

வத்ஸலா,

ஆறு மாதம் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் உன் மனசைக் கலைக்கிறேன் என்று ஆகிவிடும். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. நீ கோர்ட்டுக்கு வரவில்லை. அண்ணாவிடமிருந்து சேதி வந்திருக்கும். ஆனாலும் நான் சொல்லி நீ கேட்க வேண்டும்.

நீ மாற்றிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் பசவராஜ் கைக்கு வந்ததும் அவர் கவலைப்படவே இல்லை. சிரித்தார். "இது நமக்கு நல்லது சார். உங்க மிஸஸ் உங்களை விட்டுட்டுப் போயிட்டாங்க. சண்டை. முதல்ல ஒண்ணு சொன்னாங்க, அப்புறம் வேற சொல்றாங்க. கோபத்துல புருஷன் மேல பொய் சொல்றாங்கன்னு ரெண்டு கேள்வியில நான் காட்டிடறேன். வேற சாட்சியே கிடையாது. ஆறு மாசத்தோட முடிச்சிடலாம்." அவர் கெட்டவரில்லை. அவருடைய தொழில் அது. உன்னைக் கூண்டில் நிற்கவைத்து என்னென்ன கேட்பார் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தார். படித்துப் பார்த்தேன். பத்தாவது கேள்வி நம் கல்யாணத்தைப் பற்றியது. தாளை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு, நான் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், பெரிய பிரிவிலேயே ஒப்புக்கொள்கிறேன் என்றேன். "வயசாச்சு சார் உங்களுக்கு, யோசிங்க" என்று இரண்டு வாரம் சொல்லிப் பார்த்தார். பிறகு கேஸை விட்டுவிட்டார்.

குற்றச்சாட்டைப் படித்த அன்று ஜட்ஜ் என்னை நிமிர்ந்து பார்த்தார். சின்ன வயசு, வேதாந்தைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். இதற்கு என்ன தண்டனை வரலாம் என்று தெரியுமா, யாராவது மிரட்டினார்களா என்றெல்லாம் கேட்டார். பிறகு, "புல்லுக்குத்தானே வைத்தீர்கள்? கொட்டகைக்கும் பரவும் என்று நிமகே கொத்தித்தா?" என்றார். உங்களுக்குத் தெரியுமா என்று, சாதாரணமாக வீட்டில் ஒருத்தரை ஒருத்தர் கேட்பதுபோல்.

"கொத்தித்து" என்றேன். தெரியும் என்று. எப்படித் தெரியும் என்றார். காரை நகர்த்தினேன், பூட்டைப் பார்த்தேன், காற்றைப் பார்த்தேன் என்றேன். அவள் தண்ணீர் கேட்டபோது நின்றதையும் சொன்னேன். அதைச் சட்டம் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். குமாஸ்தா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நாலு வருஷம்.

மாரக்காள் வந்திருந்தாள். பின் பெஞ்சில் அய்யாவு பக்கத்தில். போலீஸார் என்னை அழைத்துப்போகும்போது அவளைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. கும்பிடக் கையெடுத்தேன். அவள் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தேன். என் கை தானாக இறங்கிவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இறங்கவில்லை. ஆனால் இப்போது கேட்கிறவர்களிடம் ஒரே மாதிரி சொல்கிறேன். இங்கே பக்கத்துப் படுக்கைக்காரன் என்ன கேஸ் என்றான். இஸ்திரிக்காரியின் கொட்டகையைக் கொளுத்தினேன் என்றேன். "உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே சாமி" என்றான்.

கேசவமூர்த்தி


மைசூரு, குவெம்பு நகர்
11-1-2026

நமஸ்காரம்.

வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. என் மேல் கேஸ் போடவில்லை. பொய் சொன்னதற்கு இன்ஸ்பெக்டர் ஒரு தடவை திட்டினார், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததற்குச் சட்டத்தில் இடமில்லையாம். எனக்கு அது நிம்மதியாக இல்லை. உங்களுக்காவது நாலு வருஷம் என்று ஒரு எல்லை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

பக்கத்து சைட்டில் புல் மறுபடி வளர்ந்துவிட்டது. புங்க மரம் ஒரு பக்கம் பட்டுப்போய், மறுபக்கம் தளிர்த்திருக்கிறது. அய்யாவு அதனடியில் தள்ளுவண்டி போட்டிருக்கிறான். அவன்தான் இஸ்திரி போடுகிறான், அவ்வளவு சரியாக வரவில்லை, மடிப்பு கோணுகிறது. மாரக்காள் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் துணியை நீவிக் கொடுக்கிறாள், யார் துணி எது என்று சொல்கிறாள். தெருவில் முக்கால்வாசிப் பேர் அவர்களிடம்தான் கொடுக்கிறார்கள். நீங்கள் ஒப்புக்கொண்டது பேப்பரில் வந்த பிறகு, முன்பு கொடுக்காதவர்களும் கொடுக்கிறார்கள்.

வந்த வாரம் நானும் நாலு புடவையை எடுத்துக்கொண்டு போனேன். அய்யாவு பழக்கத்தில் கை நீட்டிவிட்டான். மாரக்காள் அவனைப் பார்த்தாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"உங்க துணி வேண்டாங்க அம்மிணி" என்றாள். குரலை உயர்த்தவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"சரி மாரக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டியருகே மூன்று பேர் நின்றிருந்தார்கள். புடவைகளைக் கையில் பிடித்தபடி வீடு வரைக்கும் நடந்தேன். இருபது அடிதான் இருக்கும். முடியவே இல்லை அந்த நடை. அன்றிலிருந்து நாள் தவறாமல் அந்த வண்டியைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன். சுற்றிக்கொண்டு போகப் பின்தெரு ஒன்று இருக்கிறது. போவதில்லை.

வேதாந்த் போன வாரம் போனில், "வீட்டை வித்துடலாம்மா. அப்பா வெளியில வந்தாலும் அந்தத் தெருவுல எப்படி இருப்பார்? பெங்களூர்ல ஒரு பிளாட் பார்க்கறேன்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். நான் மாட்டேன் என்றேன். வீட்டு விஷயத்தில் உங்களைக் கேட்காமல் நான் எடுக்கும் முதல் முடிவு இது. கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் மாற்ற மாட்டேன்.

வெளியே வரும்போது உங்களுக்கு அறுபத்தாறு முடிந்திருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கி நம் தெருவில் திரும்பினால் முதலில் அந்த வண்டிதான் தெரியும். அவள் உட்கார்ந்திருப்பாள். உங்களைப் பார்த்தாலும் பார்ப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் திருப்பிக்கொள்வாள். அது அவள் இஷ்டம். நான் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். ஆனால் எதிரே வந்து உங்கள் பையை வாங்கிக்கொள்ள மாட்டேன். அந்த இருபது அடியை நீங்கள் தனியாகத்தான் நடந்து வரவேண்டும்.

வத்ஸலா